ஆறாத புண்ணை ஏன் மறைக்கிறோம்? தோல் புற்றுநோயும் நமது தாமதமும்



பழைய ஏற்பாட்டில் லேவியர் நூலின் 13ஆம் அதிகாரத்திற்கு வரும்போது நம்மில் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுவதுண்டு. தடிப்பு, தழும்பு, வெண்புள்ளி, தீக்காயத்தில் தோன்றும் மாற்றம் என்று தோலைப் பற்றியே பேசும் அதிகாரம் அது. ஆனால் பொறுமையாக வாசித்தால் அதில் ஒரு முறை இருப்பது தெரியும். தோலில் மாற்றம் கண்டவரைக் குருவிடம் கூட்டிவர வேண்டும். குரு அதை உற்றுப் பார்ப்பார். ஐயம் இருந்தால் ஏழு நாள் கழித்து மீண்டும் பார்ப்பார். அது பரவியிருக்கிறதா, அப்படியே இருக்கிறதா என்பதே அவர் கேட்கும் முக்கியமான கேள்வி. இன்றைய தோல் மருத்துவரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்: "இது மாறிக்கொண்டு வருகிறதா?"

அதே அதிகாரத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. தொழுநோயாளி என்று தீர்ப்புப் பெற்றவர் பாளையத்திற்கு வெளியே தனியாக வாழ வேண்டும். அப்படியானால் அன்று எத்தனை பேர் தங்கள் தோலைக் காட்டாமல் ஆடைக்குள் மறைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். காட்டினால் விலக்கப்படுவோம் என்ற பயம் இருக்கும் இடத்தில் நோய் மறைந்துதான் வளரும். காலம் மாறிவிட்டது, மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் அந்தப் பயம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. கண்ணுக்கு நேரே தெரியும் நோயாகிய தோல் புற்றுநோயைக்கூட நாம் ஏன் காலம் கடந்து காட்டுகிறோம் என்பதை இங்கே சிந்திப்போம்.

தோல் புற்றுநோய் என்பது என்ன?

தோல் புற்றுநோயில் மூன்று வகைகள் முக்கியமானவை. முதலாவது, தோலின் அடி அடுக்குச் செல்களில் தோன்றுவது. முகத்திலும் மூக்கிலும் கண்ணோரத்திலும் சிறு பருப்போல வரும். மிக மெதுவாக வளரும். வேறு உறுப்புகளுக்குப் பரவுவது அரிது. ஆனால் விட்டுவிட்டால் இருக்கும் இடத்தையே அரித்துக்கொண்டு போகும். இரண்டாவது, மேல் அடுக்குச் செல்களில் தோன்றுவது. ஆறாத புண்ணாகவோ, செதிள் செதிளாக உதிரும் தடிப்பாகவோ வரும். இது நெறிக்கட்டிகளுக்குப் பரவக்கூடும். மூன்றாவது, தோலுக்கு நிறம் தரும் செல்களில் தோன்றும் மெலனோமா. எண்ணிக்கையில் குறைவானாலும் இம்மூன்றில் இதுவே மிக ஆபத்தானது. உலக அளவில் 2022ஆம் ஆண்டில் ஏறக்குறைய 3,30,000 பேருக்குப் புதிதாக மெலனோமா கண்டறியப்பட்டதாகவும், ஏறத்தாழ 60,000 பேர் அதனால் இறந்ததாகவும் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் மதிப்பிட்டுள்ளது.

மெலனோமாவில் காலம் என்பது கனத்தைக் குறிக்கும். அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970ஆம் ஆண்டில் ஓர் எளிய உண்மையை எடுத்துக் காட்டினார். கட்டி தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை அளந்தாலே நோயாளியின் எதிர்காலத்தைப் பெருமளவு கணித்துவிடலாம் என்பதே அது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும்போது அறுத்து எடுத்துவிட்டால் மிகப் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகிறார்கள். ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிய பிறகு வந்தால் நிலைமை தலைகீழ். ஒரு சிறு அறுவையில் முடிந்திருக்க வேண்டியது உயிர்ப் போராட்டமாக மாறுவது சில மில்லிமீட்டரில்தான்.

"நமக்கெல்லாம் இது வராது"

தாமதத்திற்கு முதல் காரணம், இது வெள்ளைக்காரர்களின் நோய் என்ற எண்ணம். இதில் பாதி உண்மை உண்டு. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும்தான் இந்நோயில் உலகிலேயே முன்னணியில் இருக்கின்றன. வெளிர்நிறத் தோலும் கடும் வெயிலும் சேரும் இடங்கள் அவை. 1981ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவில், சட்டை அணியுங்கள், வெயில் தடுப்புக் களிம்பு பூசுங்கள், தொப்பி போடுங்கள் என்று ஒரு கடற்பறவை ஆடிப்பாடும் தொலைக்காட்சி விளம்பரம் வந்தது. நம் நாட்டில் புற்றுநோய்களில் தோல் புற்றுநோய் மிகச் சிறிய பங்குதான். நம் தோலின் நிறமே நமக்குக் கடவுள் தந்த குடை.

ஆனால் அந்தக் குடைக்கு ஓட்டைகள் உண்டு. கறுத்த தோல் உடையவர்களுக்கு மெலனோமா வந்தால் அது பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும்தான் வருகிறது. அங்கே வெயிலுக்கு வேலையே இல்லை. மேல் அடுக்குப் புற்றுநோயோ பழைய தீக்காயத் தழும்பிலும் பல ஆண்டுகள் ஆறாத புண்ணிலும் தோன்றுகிறது. பிரான்சு நாட்டு மருத்துவர் மார்ஜோலின் 1828இல் இத்தகைய புண்களை விவரித்ததால் அவர் பெயராலேயே அவை அழைக்கப்படுகின்றன. காஷ்மீர் மக்கள் குளிருக்காக உடைக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி என்ற கனல் சட்டியின் சூட்டால் வயிற்றிலும் தொடையிலும் புற்றுநோய் வருவதை எல்ம்ஸ்லி என்ற மறைபணி மருத்துவர் 1866இல் பதிவு செய்தார். வேட்டியை இறுக்கிக் கட்டும் இடுப்பில் வரும் புற்றுநோயை மும்பையைச் சேர்ந்த மருத்துவ அறிஞர் கனோல்கர் 1945இல் எழுதினார். உள்பாவாடை நாடா ஆண்டுக்கணக்கில் உராய்ந்து இடுப்பில் கறுத்துத் தடித்துப் புண்ணாகி, அரிதாகப் புற்றாகவும் மாறிய பெண்களைப் பற்றியும் பின்னாளில் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

எனவே 'வராது' என்பதல்ல, 'குறைவாக வரும்' என்பதே உண்மை. குறைவாக வருவதாலேயே யாரும் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பார்க்காததாலேயே தாமதமாகக் காட்டுகிறோம்.

தாமதம் எப்படி நடக்கிறது?

புற்றுநோய்ச் சிகிச்சையில் தாமதம் என்பதை மருத்துவ உலகம் நெடுங்காலமாகவே ஆராய்ந்து வருகிறது. 1938இல் பேக், காலோ என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், அறிகுறியைக் கண்ட பிறகு மூன்று மாதமோ அதற்கு மேலோ மருத்துவரைப் பார்க்காமல் இருப்பதை நோயாளியின் தாமதம் என்று வரையறுத்தார்கள். பின்னர் 1995இல் ஆண்டர்சன், கச்சியோப்போ என்ற உளவியல் அறிஞர்கள் அந்தத் தாமதத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். இது நோய்தான் என்று உணர்வது, மருத்துவரிடம் போக வேண்டும் என்று தீர்மானிப்பது, போவதற்கு ஏற்பாடு செய்வது, மருத்துவரைப் பார்ப்பது, சிகிச்சையைத் தொடங்குவது என்பன அவை. மார்பகம், கருப்பை போன்ற உறுப்புகளில் புற்றுநோய் வந்த பெண்களிடம் அவர்கள் ஆய்ந்தபோது, தாமதத்தின் பெரும்பகுதி முதல் கட்டத்திலேயே கழிந்திருந்தது. அதாவது, பயந்து ஒளிந்தவர்களைவிட, இது ஒன்றுமில்லை என்று எண்ணி இருந்துவிட்டவர்களின் காலமே அதிகம்.

இதை நம் வீடுகளில் வைத்துப் பார்ப்போம்.

1. நாம் வைக்கும் பெயர்கள்

உடம்பில் எதைக் கண்டாலும் உடனே அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுகிறோம். பெயர் வைத்தவுடன் மனம் அமைதியடைகிறது. உள்ளங்காலில் கறுப்பாகத் தடித்தால் கால் ஆணி. நகத்தோரம் கறுத்து வீங்கினால் நகச்சுத்து. உதட்டில் புண் என்றால் சூடு. சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத புண் என்றால் சர்க்கரைப் புண். பெரும்பாலும் இந்தப் பெயர்கள் சரியாகவே இருக்கும். அதனால்தான் தவறாகப் போகும் அந்த ஒரு முறையை நாம் கவனிப்பதில்லை.

மச்சத்தைப் பற்றி நமக்கு வேறொரு எண்ணமும் உண்டு. எங்கே மச்சம் இருந்தால் என்ன யோகம் என்று பலன் பார்க்கும் பண்பாட்டில் வளர்ந்தவர்கள் நாம். ஒருவருக்கு நல்லது நடந்தால் மச்சக்காரன் என்கிறோம். அப்படியிருக்க, ஐம்பது வயதில் புதிதாக ஒரு மச்சம் தோன்றி அது பெரிதாகும்போது கவலைப்பட நமக்குத் தோன்றுவதில்லை.

பெயருக்கு ஏற்ற கை வைத்தியமும் தயாராக இருக்கிறது. கால் ஆணியைப் பிளேடால் சீவுகிறோம். மருவைத் தலைமுடியால் இறுகக் கட்டுகிறோம். சுண்ணாம்பு வைத்துச் சுடுகிறோம். மேற்பகுதி உதிர்ந்து விழுந்ததும் குணமாயிற்று என்று நினைக்கிறோம். அடியில் இருப்பது அப்படியே இருக்கிறது.

2. வலி இல்லையே

வலித்தால் நாம் மருத்துவமனைக்கு ஓடுவோம். தோல் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. கொத்து வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிறவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, வலிக்காத ஒரு கறுப்புப் புள்ளிக்காக வரிசையில் நிற்க முன்வருவாரா? அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. பள்ளிக் கட்டணத்துக்கும் வீட்டு வாடகைக்கும் பின்னால்தான் அவருடைய உள்ளங்கால் வரிசையில் நிற்கிறது. குறிப்பாக வீட்டுப் பெண்கள். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் காய்ச்சல் என்றால் அன்றே அழைத்துப் போகிறவர்கள், தங்கள் உடம்பு என்று வந்தால் 'பண்டிகை முடியட்டும், பரீட்சை முடியட்டும்' என்று தள்ளிப் போடுகிறார்கள். முதுகு, தொடை, இடுப்பு போன்ற இடங்களைக் காட்டக் கூச்சம் வேறு. தனியாக வாழும் முதியவர்களுக்கோ, முதுகில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லவே ஆள் இல்லை.

3. பெயரைக் கேட்கும் பயம்

'அதுவாக இருந்துவிட்டால்?' என்ற கேள்வி எழுந்த பிறகும் போகாதவர்கள் உண்டு. புற்றுநோய் என்ற சொல்லையே வீட்டில் உச்சரிக்க அஞ்சுகிறோம். மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இந்தப் பேச்சு எழுந்தால் என்னவாகும் என்று தாய் மறைக்கிறார். ஒட்டிக்கொள்ளுமோ என்று தனித் தட்டும் தனித் தம்ளரும் வைக்கும் வீடுகளும் இருக்கின்றன. தோல் புற்றுநோய் தொட்டால் ஒட்டுகிற நோய் அல்ல.

இதைவிடப் பரவலான பயம், 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்பது. சதைப் பரிசோதனைக்கு மருத்துவர் சொன்னவுடன் மருத்துவமனையை மாற்றுகிறவர்கள் பலர். கத்தி பட்ட பிறகுதான் அவர் இறந்தார் என்று அக்கம்பக்கத்துக் கதைகளும் கைவசம் இருக்கும். அந்த நோயாளிகள் முற்றிய நிலையில் வந்தவர்கள் என்பதே பெரும்பாலும் உண்மை. தோலில் மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துண்டு எடுத்துப் பார்ப்பதால் நோய் பரவிவிடும் என்று மருத்துவ ஆய்வுகள் காட்டவில்லை. அந்தப் பரிசோதனை இல்லாமல் நோயை உறுதி செய்யவும் முடியாது.

4. மருத்துவரிடத்திலும் தாமதம்

எல்லாத் தாமதமும் நோயாளியால் வருவதல்ல. மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசுகிறோம். அங்கே ஒரு மாதம் போகிறது. பின்னர் ஒரு மருத்துவர் பூஞ்சைக் காளான் என்று மருந்து தருகிறார். இன்னொருவர் சர்க்கரைப் புண் என்று கட்டுப் போடுகிறார். இந்நோய் நம் நாட்டில் அரிது என்பதால் மருத்துவர்களுக்கும் அது முதலில் நினைவுக்கு வருவதில்லை. எனவே, மருந்து போட்டும் சில வாரங்களில் ஆறவில்லை என்றால், 'ஐயா, இது இன்னும் ஆறவில்லை, வேறு ஏதேனும் பரிசோதனை தேவையா?' என்று மரியாதையோடு கேட்பது நம் உரிமை. அது மருத்துவரை அவமதிப்பதாகாது.

செபமா, மருத்துவமா?

நம்பிக்கையுள்ள குடும்பங்களில் இன்னொரு தாமதமும் உண்டு. குணமளிக்கும் வழிபாடுகளுக்குச் சென்று, எண்ணெய் பூசி, 'ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்று மருந்தை நிறுத்திவிடுவது. செபம் நமக்குத் தைரியம் தருகிறது. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் திருச்சபை ஒருபோதும் செபத்தை மருத்துவத்திற்கு எதிராக நிறுத்தியதில்லை. சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரம் மருத்துவரையும் மருந்தையும் கடவுளே படைத்தார் என்று சொல்லி, செபம் செய்யவும் மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் ஒருங்கே கற்பிக்கிறது. புற்றுநோயாளிகளின் பாதுகாவலராக நாம் போற்றும் புனித பெரகிரின், காலில் அழுகிய புண்ணோடு துன்புற்றவர். காலை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. அறுவைக்கு முந்தின இரவில்தான் சிலுவையின் முன் செபித்தார் என்று மரபு கூறுகிறது. அவர் குணமானதை நாம் அடிக்கடி சொல்கிறோம். அவர் மருத்துவருக்குச் சம்மதித்திருந்ததைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

நோயில் பூசுதலை நாம் நடத்தும் விதத்திலும் இதே பயம் தெரிகிறது. 'அவஸ்தை பூசுதல்' என்று ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்ததால், குருவானவர் வந்தாலே சாவு வந்துவிட்டது என்று எண்ணி, மூச்சு இழுக்கும் வரை அவரை அழைக்காமல் இருக்கிறோம். சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரிய அருட்சாதனம் அல்ல இது என்று 1963இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டில் தெளிவுபடுத்திவிட்டது. குருவை அழைக்கப் பயப்படும் மனமும் மருத்துவரிடம் போகப் பயப்படும் மனமும் ஒன்றுதான். இருவரும் வருவது நம்மை வாழ வைக்க என்பதை அந்த மனம் நம்ப மறுக்கிறது.

இரண்டு மனிதர்கள்

உலகம் அறிந்த இருவரின் வாழ்க்கை இங்கே நமக்குப் பாடமாகும். ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரலில் ஒரு காயம் இருந்தது. கால்பந்து ஆடியபோது பட்ட அடி என்றே கருதப்பட்டது. 1977இல் அது நகத்தடி மெலனோமா என்று தெரியவந்தது. விரலை எடுத்துவிட மருத்துவர்கள் அறிவுறுத்தினார்கள். அவருடைய சமய நம்பிக்கை உறுப்பை வெட்ட இடம் தரவில்லை. நகத்தையும் அதன் அடித்தோலையும் மட்டும் எடுத்துவிட்டுத் தொடர்ந்து மேடையேறினார். நோய் மூளை வரை பரவி, 1981ஆம் ஆண்டு மே 11 அன்று, 36ஆம் வயதில் இறந்தார். விரலை எடுத்திருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வாய்ப்பு ஒன்று இருந்தது.

அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015இல், 90ஆம் வயதில், மெலனோமா ஈரலிலும் மூளையிலும் பரவியிருப்பது தெரியவந்தது. அவர் அதை ஒளிக்கவில்லை. செய்தியாளர்களை அழைத்து அமைதியாக அறிவித்தார். அறுவையும் கதிர்வீச்சும், உடலின் எதிர்ப்புச் சக்தியையே தூண்டிவிடும் புதிய மருந்தும் அவருக்குத் தரப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில், தம் ஊர் ஆலயத்தில் தாம் நடத்திவந்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில், ஸ்கேனில் புற்றுநோய் எதுவும் தெரியவில்லை என்று சொன்னார். 2024 டிசம்பர் 29 வரை, நூறு வயது வாழ்ந்தார். இத்தகைய மருத்துவத்திற்கு வழி திறந்த ஆய்வுக்காக ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோஞ்சோ ஆகிய இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது.

எல்லாருக்கும் கார்ட்டருக்குக் கிடைத்த மருத்துவம் கிடைக்காது. அந்த மருந்துகளின் விலை நம் குடும்பங்களுக்கு மலைபோன்றது. அதனால்தான் தொடக்கத்திலேயே காட்டுவது ஏழைகளுக்கு இன்னும் அவசியமாகிறது. சில மில்லிமீட்டர் இருக்கும்போது செய்யும் அறுவை பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். தாமதத்தின் விலையைத்தான் நம்மால் கொடுக்க முடியாது.

நாம் என்ன செய்யலாம்?

1. மாதத்திற்கு ஒரு முறை குளித்த பிறகு உடல் முழுவதையும் பார்ப்போம். உள்ளங்கால், விரலிடுக்கு, நகம், பழைய தழும்பு, இடுப்பில் கயிறு உராயும் இடம் ஆகியவற்றை மறக்க வேண்டாம். முதுகைக் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் பார்த்துச் சொல்லலாம்.

2. மச்சத்தில் ஐந்து மாற்றங்களைக் கவனிப்போம்: ஒரு பாதி மறுபாதியைப் போல் இல்லாதது, ஓரம் ஒழுங்கற்றது, பல நிறம் கலந்தது, ஆறு மில்லிமீட்டருக்கு மேற்பட்டது, நாளுக்கு நாள் மாறுவது. இவற்றுள் மாறுவதே முக்கியம். இரத்தம் கசிந்தால் காத்திருக்க வேண்டாம்.

3. நம்மைப் போன்ற நிறத்தவருக்குப் பல நகங்களில் கறுப்புக் கோடு இருப்பது இயல்பே. ஆனால் ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி, அகன்று, நகத்தைச் சுற்றியுள்ள தோலையும் கறுக்கச் செய்யும் கோட்டை உடனே காட்ட வேண்டும்.

4. நான்கு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணையும், பழைய தீக்காயத் தழும்பில் புதிதாக வரும் புண்ணையும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் காட்டுவோம். தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். 1954இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், ஏழைகளுக்கு உதவும் தன் பணியை இன்றும் தொடர்கிறது. விண்ணப்பம் எழுதவும் அட்டை எடுக்கவும் தெரியாதவர்களுக்கு நம் அன்பிய உறுப்பினர்களும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் துணை நிற்கலாம்.

5. ஒருவர் நம்மிடம் 'இதைப் பாரேன்' என்று காட்டினால், 'ஒன்றுமில்லை, சரியாகிவிடும்' என்று அனுப்பிவிட வேண்டாம். 'எப்போது வந்தது? முன்பைவிடப் பெரிதாகியிருக்கிறதா? நானும் உன்னோடு வருகிறேன்' என்று சொல்வோம். தனியாகப் போகத் தயங்குகிறவருக்கு ஒரு துணையே பாதி மருந்து.

6. நோயுற்றவரை மீண்டும் நம் நடுவே அமர்த்துவோம். அவர் வீட்டில் உண்போம். ஆலயத்தில் அவர் அருகில் அமர்வோம். ஒருவர் விலக்கப்படாததைப் பார்த்தால்தான் அடுத்தவர் தம் புண்ணைக் காட்டத் துணிவார்.

தொழுநோயாளர் ஒருவர் இயேசுவிடம் வந்தபோது அவர் முதலில் கையை நீட்டித் தொட்டார். குணமான பின், போய்க் குருவிடம் காட்டச் சொன்னார். யாரும் தொடத் துணியாதவரைத் தொட்டதால் அவருடைய தனிமை நீங்கியது. குருவிடம் காட்டச் சொன்னதன் வழியாக, முறையான பரிசோதனையையும் அவர் மதித்தார். பிப்ரவரி 11 அன்று உலக நோயாளர் நாளைக் கடைப்பிடிக்குமாறு 1992இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஏற்படுத்தினார். அந்த நாளில் நோயாளர்களுக்காக செபிக்கிறோம். பழமும் ரொட்டியும் கொண்டு போகிறோம். நல்லதே. அதோடு, நம் வீட்டு முதியவரின் உள்ளங்காலையும் முதுகையும் ஒருமுறை விளக்கொளியில் பார்ப்பதையும் சேர்த்துக்கொள்வோம். மாற்றம் ஏதேனும் கண்டால், அந்த வாரமே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.